அடுக்கும் ஓவியமும்

‘பாம்பு பாம்பு’ என்பது அடுக்குத்தொடர். பிரித்தாலும் பொருள் தரும். ‘சலசல’ என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது. தமிழ் வகுப்பில் படித்த இந்த வேறுபாடு, கணினியில் புகைப்படம் திருத்தக் கற்பவர்க்கும் முதற்பாடமாகும்.

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990-இல் வெளிவந்தது. அன்று அதில் செய்த திருத்தம் படத்தோடு இரட்டைக்கிளவியாய் ஒட்டிக்கொள்ளும். 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ‘லேயர்’ என்னும் அடுக்கு அறிமுகமாயிற்று. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை வரைவதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரே படம். ஒரு தாளை உருவினால் மற்றவற்றுக்குச் சேதமில்லை. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

நம் ஊர்க் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடாக்கள். அதனால்தான் உடலின் நிறம் கரையில் கலப்பதில்லை. வேலையைப் பிரித்து வைப்பதில் கிடைக்கும் நன்மை தறியிலும் கணினியிலும் ஒன்றே.

இதன் அருமையை நமக்கு உணர்த்துபவை 1931-ஆம் ஆண்டின் இரு கண்டுபிடிப்புகள். இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில், பிற்காலப் பூச்சுக்கு அடியில் பல்லவர் ஓவியங்கள் இருப்பதைப் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் அவ்வாண்டில் கண்டார். தஞ்சைப் பெரிய கோயிலிலோ நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் வெளிப்பட்டன. சுவரில் ஏறிய மேலடுக்கைச் சேதமின்றிப் பிரிப்பது பெரும்பாடு. கணினியிலோ ஒரு சொடுக்கில் முடியும், அடுக்கைக் கலக்காமல் வைத்திருந்தால்!

கைலாசநாதர் கோயிலின் சிதைந்த சோமாஸ்கந்தர் ஓவியத்தைப் படமெடுத்துத் திருத்துவதாகக் கொள்வோம். நான் பின்பற்றும் முறை இது:

1. மூலப்படம் அடியில் இருக்கட்டும், அதைப் பூட்டிவிடுங்கள். எக்காரணத்தாலும் அதில் கை வைக்கலாகாது.

2. வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்ய, ஃபோட்டோஷாப்பில் ‘அட்ஜஸ்ட்மென்ட் லேயர்’ பயன்படுத்துங்கள். எப்போது வேண்டுமானாலும் அளவை மாற்றலாம்.

3. ஒரு பகுதியை மட்டும் மறைக்க அழிப்பானை எடுக்காதீர்கள், ‘மாஸ்க்’ போடுங்கள். அதில் கறுப்பு பூசிய இடம் மறையும். வெள்ளை பூசினால் மீளும். சாம்பல் பூசினால் அரைகுறையாய்த் தெரியும்.

4. தூசிப் புள்ளிகளை நீக்கும் ‘க்ளோன்’ கருவியைப் புதிய வெற்று அடுக்கில் பயன்படுத்துங்கள். எல்லா அடுக்குகளிலிருந்தும் நிறம் எடுக்கும்படி அமைத்தால் போதும்.

5. அழிந்த கோடுகளை ஊகித்து வரைவதானால் தனி அடுக்கில் வரைந்து, ‘ஊகம்’ என்றே பெயரிடுங்கள். அதன் ஒளிபுகாமையைப் பாதியாகக் குறைத்தால், பல்லவன் தீட்டியது எது, நாம் சேர்த்தது எது என்பது பார்ப்பவர்க்குத் தெரியும்.

6. பி.எஸ்.டி. கோப்பாகவோ, கிம்ப்பின் எக்ஸ்.சி.எஃப். கோப்பாகவோ சேமியுங்கள். ஜேபெக் அடுக்குகளையெல்லாம் ஒன்றாக்கிவிடும். அது பிறர்க்கு அனுப்பும் நகலுக்கு மட்டும் ஏற்றது.

ஐந்தாம் விதியையே நான் உயிராகக் கருதுகிறேன். திருத்திய படம் மூலத்தைவிட அழகாயிருக்கும். அழகானதையே நாலு பேர் பகிர்வர். நாளடைவில் நம் ஊகமே பல்லவர் கைவண்ணம் என்று நின்றுவிடும். வரலாற்று மாணவன் அதை நம்பிக் கட்டுரையும் எழுதுவான். சுவரில் நிறம் ஒருபுறம் உதிர, ஏட்டில் உண்மை மறுபுறம் உதிரும்.

ஆகவே நண்பர்களே, படத்தை அழகுபடுத்துங்கள், தடையில்லை. ஆனால் நீங்கள் செய்தது அடுக்குத்தொடராக இருக்கட்டும். பிரித்துப் பார்க்க விரும்புபவர்க்கு மூலமும் கிடைக்கட்டும், உங்கள் உழைப்பும் தனியே தெரியட்டும்.