மூன்று முறை நான்கு

பதினோராம் வகுப்புக் கணினி ஆய்வகத்தில் ஒரு மாணவி என்னை அழைத்தாள். "மிஸ், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரணும். நாலு, நாலு, நாலுன்னு வருது." 1 முதல் 3 வரை ஓடும் ஃபார் மடக்கு அது. ஒவ்வொரு சுற்றிலும், ஒரு வினாடி கழித்து ஐ என்ற மாறியின் மதிப்பைக் காட்டச் சொல்லும் செட்டைம்அவுட் இருந்தது. எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. "ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணும்மா" என்று நகர்ந்துவிட்டேன். வீட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் நான்குதான்.

காரணம் வார். அதைக் கொண்டு அறிவிக்கும் மாறி நெளிவு அடைப்புக்குறிக்குள் அடங்குவதில்லை. செயற்கூறு முழுவதற்கும் அது ஒன்றே. ஒரே கரும்பலகையில் எண்ணை அழித்து அழித்து எழுதுகிறோம். ஒரு வினாடி கழித்து மூன்று பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதற்குள் மடக்கு முடிந்து, பலகையில் 4 மட்டும் நிற்கிறது. 2015-இல் வந்த எக்மாஸ்கிரிப்ட் பதிப்பின் லெட், ஒவ்வொரு சுற்றுக்கும் தனிச் சிலேட்டு கொடுக்கிறது. ஒரு சொல்லை மாற்றினேன்: 1, 2, 3. அதற்கு முன்பெல்லாம் இதற்காகவே மடக்குக்குள் இன்னொரு செயற்கூறு எழுதி, அதனிடம் எண்ணை ஒப்படைப்பார்கள்.

மறுநாள் அவளிடம், தவறு கணினியிலும் இல்லை, உன் சிந்தனையிலும் இல்லை, நான் கொடுத்த பழைய குறிப்பில்தான் என்றேன். இப்போது லெட்டில் தொடங்குகிறேன். வாரையும் மறைப்பதில்லை, பழைய இணையப் பக்கங்கள் பலவும் அதில்தான் ஓடுகின்றன. கான்ஸ்ட்டைச் சொல்லும்போது மட்டும் கவனம் தேவை. மாறாதது என்று பெயர். ஆனால் அணிக்குள் புதிய உறுப்பைச் சேர்ப்பதை அது தடுக்காது. அதையும் அவள்தான் கண்டுபிடித்துக் காட்டினாள்.