வடக்கே வந்த குடும்பங்கள்

அம்பாங்



உன் பாட்டனாரின் தகப்பனார் எந்தத் தோட்டத்துக்குக் கங்காணியோடு வந்தார் என்று கேட்டிருந்தாய். மலாயாத் தமிழரெல்லாம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி ரப்பர்க் காட்டுக்குப் போனவர்களே என்னும் எண்ணம் படித்த பிள்ளைகள் மனத்திலும் இவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டதே! சிங்கப்பூரிலிருந்து கிள்ளானுக்கு வந்த குடும்பம் என்று உன் பாட்டியார் சொன்னதாக நீயே எழுதுகிறாய். பிறகு ஏன் அதை நம்ப மறுக்கிறாய்?

தம்புசாமிப் பிள்ளையைப் பார். 1850-ல் சிங்கப்பூரில் பிறந்து, ராஃபிள்ஸ் கல்விச்சாலையில் பயின்று, வழக்கறிஞர் டேவிட்சனிடம் எழுத்தராக அமர்ந்து, அவர் 1875-ல் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக நியமனம் பெற்றபோது உடன் வந்து, அரசாங்கப் பொக்கிஷத்தில் உயர்பதவி வகித்து, சீனத் தொழிலதிபர் லோக் இயூவோடு கூட்டாக ராவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தி, பத்துமலையில் முருகனுக்கு ஆலயம் காண வழிசெய்து, 1902-ல் மறைந்த அந்தப் பெரியவரின் சரித்திரத்தில் கங்காணி எங்கே வருகிறான்? கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோவில் அவர் குடும்பத்துக் கோவிலாக 1873-ல் எழுந்தது என்பர். அது டேவிட்சனின் நியமனத்துக்கே இரண்டாண்டு முந்தியது. ரப்பர்க் கன்று சிங்கப்பூர் வந்து சேர்ந்ததோ 1877-ல்! கன்றுக்கு முன்பே கோவில் எழுந்துவிட்டது என்னும் இந்தச் செய்தியை நினைக்குந்தோறும் எனக்கு உற்சாகம் பொங்குகிறது. உன் வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டவர்கள்மேல் கோபமும் வருகிறது.

இனித் தேடும் முறை. நம்மவருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரே முன்னெழுத்து, மூத்த மகனுக்குப் பாட்டன் பெயர். இராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் இராமசாமி, மறுபடியும் இராமசாமி மகன் முத்துசாமி என்று பெயர்கள் சுழன்று வருகையில், வயதையும் தொழிலையும் பாராது பெயரை மட்டும் பார்ப்பவன் பாட்டனையும் பேரனையும் ஒருவராக்கி, ஐம்பது அறுபது ஆண்டுகளை விழுங்கிவிடுவான். போதாக்குறைக்கு, ஆங்கிலம் எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடியெல்லாம் பெயரை எழுதியதால், ஒருவரே பத்திரத்துக்குப் பத்திரம் வேறொருவராகத் தோன்றுவார்.

இன்னொன்று. உன் குடும்பம் புறப்பட்ட சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் முதல் நாள் வரை இந்திய அரசாங்கத்தின் ஆட்சியில் இருந்தவை. அக்காலக் காகிதங்களைக் கோலாலம்பூர் அலுவலகங்களில் கேட்டு அலையாதே.

நாகப்பட்டினத்துக்குக் கடிதம் எழுதுவதை இப்போதைக்கு நிறுத்து. பாட்டியாரின் பிறப்புப் பத்திரத்தையும் கலியாணப் பதிவுப் பத்திரத்தையும் எடுத்து, அவற்றில் கண்ட ஊர், தொழில், வயது மூன்றையும் பிரதி செய்து எனக்கு அனுப்பு.