மூங்கில் பிளாச்சும் குன்றிமணியும்: ஓர் இளம் கைவினை ஆசிரியைக்குக் கடிதம்

பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது பொருள். மூணாறு எஸ்டேட் பிள்ளைகளுக்காக இளம் ஆசிரியை ஒருவர் எழுதி அனுப்பிய செய்முறைக் கையேட்டின் மூன்றாம் பக்கம் குன்றிமணியை ஊறவைத்து, ஊசியால் துளைத்து, மாலையாகக் கோக்கச் சொல்கிறது. இந்தப் பக்கம் முழுவதும் நீக்கப்பட வேண்டும். குன்றிமணிக்குள் அபிரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. தோல் உடையாத விதையை விழுங்கினால் அது பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும். துளைத்த விதைக்கு அந்தக் காவல் இல்லை. சிவப்பு நிறம் வேண்டுமென்றால் மஞ்சாடி உண்டு. ஆனைக்குன்றிமணி என்பதும் அதுவே. அதில் அபிரின் இல்லை. அதையும் துளைக்காமல் அட்டையில் ஒட்டினால் போதும். கண்டதை வாயில் போடும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் எந்த விதையும் வேண்டாம்.

அடுத்த குறை நட்சத்திரத்தில். தெர்மாகோல் நட்சத்திரத்தைக் கடையில் வாங்கி ஜிகினா தூவச் சொல்கிறது கையேடு. கேரளத்தில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டதை வாசலில் தொங்கும் நட்சத்திரம்தான் ஊருக்குச் சொல்கிறது. அதையே விலைக்கு வாங்கிவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது தூவும் வேலை மட்டும். ஜெர்மனியின் புகழ்பெற்ற ஹெர்ன்ஹூட் நட்சத்திரம், 19ஆம் நூற்றாண்டில் நீஸ்கி ஊரின் மொராவியப் பள்ளியில் வடிவியல் பயிற்சியாகப் பிறந்தது. பிள்ளைகளே கட்டும் மூங்கில் நட்சத்திரமும் அப்படியொரு கணக்குப் பாடம்.

அதற்கு 60 செ.மீ. நீளப் பிளாச்சு 10, விரல் நீளக் குச்சி 5 தேவை. பிளாச்சைச் சீவிச் சிராய் நீக்குவது பெரியவர் வேலை. அளப்பதும் கட்டுவதும் பிள்ளைகள் வேலை. ஒவ்வொரு பிளாச்சிலும் இரு முனைகளிலிருந்தும் 23 செ.மீ. தள்ளிக் குறியிட வேண்டும். ஐந்து பிளாச்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னி, குறிகள் சந்திக்கும் இடத்திலும் முனைகளிலும் நூலால் கட்டினால் ஒரு சட்டம் கிடைக்கும். இப்படி இரண்டு செய்து, முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டி, உள்மூலை ஐந்திலும் குச்சிகளை முட்டுக்கொடுத்தால் நட்சத்திரம் உப்பி நிற்கும். மேலே வண்ணத்தாள் ஒட்டி, பல்ப் நுழைய ஒரு பக்கம் திறந்து விட வேண்டும். பசைக்கு மைதா போதும். பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலப்பது பழைய வழக்கம். துத்தம் நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் பசையில் அது கூடாது. பசையை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம்.

மின்சாரம் எட்டாத எஸ்டேட் தொழிலாளர் லயங்களில் நட்சத்திரத்துக்குள் மெழுகுவர்த்தி எரிந்த காலம் ஒன்று உண்டு. இக்கடிதத்தை எழுதுபவரின் சிறுவயதில், ஒரு டிசம்பர் இரவில் காற்று அடித்துத் தாள் முழுக்கப் பற்றிக்கொண்டது. பிளாச்சு கருகியதோடு தப்பியது. விடிந்ததும், புல்லின் மேல் உறைபனி வெளுத்துக் கிடக்க, அப்பா அதே பிளாச்சில் புதுத்தாள் ஒட்டிக் கொடுத்தார். அந்த உறைபனியை இன்றும் காலையில் மிதித்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கையேட்டின் பஞ்சுப் பனி தேவையில்லை.

பனையோலை பற்றிய ஏழாம் பக்கம் வேறொரு தரம். பனை நிறைந்த பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து குருத்தோலை வருவித்து மீனும் கிளியும் மடிக்கும் முறை அதில் இருக்கிறது. காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும் என்பதால் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, பிறகே மடிக்க வேண்டும் என்கிறது. பிள்ளையின் கோணல் மடிப்பைப் பெரியவர் பிரித்து மடிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. பல ஆண்டு பழகிய கைகளும் மறந்துவிடும் விதி அது. இந்த ஒரு பக்கத்துக்காகவே கையேடு அச்சேற வேண்டும்.

எட்டாம் பக்கமாகச் சேர்க்க வேண்டியது ஒன்றே. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் நட்சத்திரத்தை இறக்கி, தாளை உரித்து, சட்டத்தைக் கலைக்காமல் அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைக்க வேண்டும். புகை படும் மூங்கிலைப் பூச்சி எளிதில் அண்டாது. அடுத்த டிசம்பரில் புதிதாக வேண்டியது தாளும் பசையும்தான்.