பிள்ளைகளின் பாடக் குறிப்பும் ஓர் அமானிதமே



கடையில் நாம் பற்று ஏடு வைத்திருக்கிறோம். இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்பது நமக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அதை அடுத்த கடைக்காரரிடம் விரித்துக் காட்டுவோமா? காட்டினால் வாடிக்கையாளரின் மானம் போகும். நம் நாணயமும் போகும்.

துணைப்பாட வகுப்பில் எழுதி வைக்கும் குறிப்பேடும் இத்தகையதே. பிள்ளை எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான், எத்தனை நாள் வரவில்லை, கட்டணம் செலுத்த வசதியுண்டா என்பனவெல்லாம் அதில் இருக்கும். பள்ளி ஆசிரியர் கேட்டால் அதைக் கொடுக்கலாமா?

கொடுப்பதில் நன்மையுண்டு. பின்னக் கணக்கில் பகுதி எண்களைச் சமமாக்காமலே மாணவன் கூட்டிவிடுகிறான் என்று தெரிந்தால், பள்ளி ஆசிரியர் அதே இடத்தில் கைகொடுப்பார். இருவர் உழைப்பும் வீணாகாது. ஆனால், 'தகப்பனாரின் வியாபாரம் நொடித்துவிட்டது; மூன்று மாதக் கட்டணம் பாக்கி' என்ற வரி அவருக்கு எதற்கு? அதனால் உதவி கிடைக்கக்கூடுமென்றாலும், அதைச் சொல்லும் உரிமை அக்குடும்பத்தாருடையது.

சிங்கப்பூரில் 2012-ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் அமலில் உள்ளன. சங்கங்களும் துணைப்பாட நிலையங்களும் அதற்கு உட்பட்டவையே. எதற்காகத் தகவல் பெறுகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெறவேண்டும், அந்நோக்கத்திற்கே பயன்படுத்தவேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது என்பன அதன் சாரம்.

நம் மார்க்கம் இதை முன்னமே போதித்துள்ளது. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்குமாறு சூரா நிஸாவின் 58-ஆம் வசனம் பணிக்கிறது. பிறர் குறைகளைத் துருவுவதையும் புறம் பேசுவதையும் சூரா ஹுஜுராத்தின் 12-ஆம் வசனம் தடுக்கிறது.

ஆகவே, வகுப்பு நடத்துவோர் மூன்று காரியங்களைக் கவனிக்கவேண்டும். பாடக் குறிப்பையும் கட்டணக் கணக்கையும் தனித்தனி ஏடாக வைக்கவேண்டும். பள்ளிக்கு எதைத் தெரிவிப்போம் என்பதைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் கூறிச் சம்மதம் பெறவேண்டும். மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடலாகாது. அது சந்தையில் நின்று பற்று ஏட்டை உரக்க வாசிப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு விலக்கு உண்டு. பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தென்று கண்டால், உரியவரிடம் உடனே சொல்லவேண்டும். அங்கே மறைப்பதே துரோகம்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் மானத்தை நம் மானம்போல் காக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.