கொல்லைக் காய்கறிகளும் புழுக்களும்

இராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டி முதலிய ஊர்களில், பாத்திரம் கழுவும் ஜலம் பாயுமிடத்தில் கத்தரி, வெண்டை, முருங்கை ஆகியவற்றை வைத்து வளர்ப்பது சிக்கனமான வழக்கமாகும். இதனால் கறிச் செலவு குறைவதுடன், குழந்தைகளுக்குப் புதிய காய்களும் கிடைக்கின்றன. ஆனால் காய்க்கும் தருணத்தில் புழு விழுந்தால் உழைப்பெல்லாம் வீணாகிறது. அச்சமயம் கடை விஷத்தைத் தெளித்து, இரண்டொரு நாளில் அக்காயையே பறித்துச் சமைப்போரும் உளர். புழுவுக்கு வைத்த விஷம் குழந்தையின் கலத்தில் விழ இதைவிட நேரான வழி வேறில்லை. ஒரு காலத்தில் பெரிதும் புகழப்பட்ட டி.டி.டி. மருந்தே, 1989-ஆம் வருஷத்தில் இந்தியாவில் விவசாய உபயோகத்தினின்றும் விலக்கப்பட்டது.

புழு தானே உண்டாவதன்று. இரவில் பறக்கும் அந்துப்பூச்சி இலையிலும் கொழுந்திலும் இடும் முட்டையிலிருந்தே அது வெளிவருகிறது. கத்தரிப் புழு முதலில் இளந்தண்டைத் துளைக்கும். கொழுந்து வாடித் தொங்கும். பின்னர் காயினுள் நுழையும். நுழைந்த துவாரம் எளிதில் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துவாரம் பெரும்பாலும் புழு வளர்ந்து வெளியேறிய வழியேயாகும். அது சருகிலோ மண்ணிலோ கூடுகட்டி, மறுபடியும் அந்துப்பூச்சியாகிறது. ஆகையால் துவாரத்தைக் கண்டபின் வைத்தியம் தேடுவது காலங்கடந்த செயலாகும்.

வாடிய கொழுந்தைக் கண்டவுடன், வாட்டத்துக்குச் சிறிது கீழே நறுக்கி எரித்துவிட வேண்டும். சொத்தைக் காய்களைக் குப்பையில் எறியலாகாது. அவற்றையும் எரிக்க வேண்டும், அல்லது சோப்பு நீரில் அமிழ்த்த வேண்டும். இலையின் அடிப்புறத்தில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருந்தால், அவ்விலையைக் கிள்ளிவிடுவது நலம். ஓர் இலையைக் கிள்ளுவதால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழியும். மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் கூட்டமாய் ஒட்டியிருக்கும் கம்பளிப்புழுக்களை, மரம் கருகாதபடி தீப்பந்தத்தால் பொசுக்கலாம்.

இவற்றுக்குத் துணையாக வேப்பங்கொட்டைக் கரைசல் மிகவும் பிரயோஜனமுள்ளது. தோல் நீக்கி உலர்த்திய வேப்பம் பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லிட்டர் ஜலத்தில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, சிறிது சோப்பைக் கரைத்துக்கொள்க. வெயிலில் அதன் வலிமை குன்றுமாதலால், அன்று மாலையிலேயே இலைகளின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். வாரத்துக்கொரு முறை இவ்விதம் செய்து வரலாம். புழுக்கள் உடனே மடியா. தின்பது குறைந்து, தோலுரிக்க இயலாமல் சில நாட்களில் அழியும். காயினுள் புகுந்துவிட்ட புழுவை மட்டும் இக்கரைசல் எட்டாது. அதற்குக் கத்தரிக்கோலும் கண்ணுமே மருந்து. பறித்த காய்களை நன்கு கழுவியே சமைக்க வேண்டும்.

இன்னுமொரு விஷயம் முக்கியமானது. பருத்தி விளையும் இப்பிரதேசத்தில், பருத்திக் காயைத் துளைக்கும் புள்ளிக் காய்ப்புழுவே வெண்டையையும் துளைக்கிறது. வயலுக்கும் கொல்லைக்கும் இடையிலுள்ள வேலி அந்துப்பூச்சிக்குத் தடையன்று. ஒருவர் கொல்லையைச் சுத்தமாக வைத்திருந்தும், அடுத்த வீட்டில் காய்ப்பு ஓய்ந்த செடிகள் நின்றால் பயனில்லை. சென்னை மாகாணத்தில் 1919-ஆம் வருஷத்தில் விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டம் இயற்றப்பட்டதும் இக்காரணத்தாலேயே. ஒருவரது அசட்டை அயலார் பயிரைக் கெடுக்கும் என்பதை அது ஒப்புக்கொண்டது.

ஆயினும் கொல்லைக்குச் சட்டம் வேண்டுவதில்லை. தெருவாரின் ஒற்றுமை போதும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, தெருவிலுள்ள எல்லா வீட்டாரும் அன்று காலையில் அரைமணி நேரம் செடிகளைப் பார்த்து, சொத்தையை அகற்றி, ஓய்ந்த செடிகளைப் பிடுங்கி எரிப்பார்களாயின், புழுவின் உபத்திரவம் பெரிதும் தணியும். ஒரு வீட்டார் மட்டும் செய்தால் அது வீண் சிரமம். தெருவார் யாவரும் செய்தால் எல்லோர் அடுப்பிலும் நல்ல காய் வேகும்.