அடித்தால் கீறும்... கொடுத்தால் கேட்கும்!

உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

'நாய்னா சொன்னபடி கேட்கும். பூனைக்கு ஏதுங்க பயிற்சி? அது இஷ்டத்துக்குத்தான் இருக்கும்' என்று பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. பூனை நன்றாகவே கற்றுக்கொள்ளும். நாம் கற்றுக்கொடுக்கிற விதத்தில்தான் கோளாறு!

'சித்த மருத்துவருக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. 'டாக்டர், பூனை பையனைப் பிறாண்டிடுச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போட்டாப் போதுமா?' என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. விசாரித்தால், பூனையை விரட்டியபோதோ, அடித்தபோதோ, வலுக்கட்டாயமாகத் தூக்கியபோதோ பட்ட கீறலாக இருக்கும். ஆகவே, பூனையைப் பழக்குவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. வீட்டிலுள்ளவர்களின் ஆரோக்கியமும் அதில் அடங்கியிருக்கிறது.

அடித்தால் என்ன ஆகும்?

சோபாவைப் பிறாண்டியது என்று பூனையின் முதுகில் ஒன்று வைக்கிறீர்கள். 'பிறாண்டியதால் அடி விழுந்தது' என்று அது புரிந்துகொள்வதில்லை. 'இந்த ஆள் கிட்ட வந்தால் வலிக்கும்' என்பதுதான் அதன் மனதில் பதிகிறது. பிறகு கட்டிலுக்கடியில் ஒளியும். மணல் தட்டை விட்டுவிட்டு மூலையில் சிறுநீர் கழிக்கும். ஒருநாள் குழந்தை ஆசையாகக் கை நீட்டினால் கூட, பயத்தில் நகத்தை நீட்டிவிடும்!

பிறாண்டுவது பூனையின் இயல்பு. நகத்தின் பழைய மேலுறையை உதிர்ப்பதற்கும், தன் வாசனையைப் பதிப்பதற்கும் அது அப்படிச் செய்கிறது. அதை நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம். ஒரு கட்டையில் சணல் கயிற்றை இறுக்கமாகச் சுற்றி சோபாவின் அருகிலேயே ஆடாமல் நிறுத்துங்கள். பூனை அதைப் பிறாண்டியவுடன் பரிசு கொடுங்கள்.

பரிசு எப்படி வேலை செய்கிறது?

தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் விட்டு, வெளியே தீனியை வைத்தார். கயிற்றை இழுத்தால் அல்லது கட்டையை அழுத்தினால் கதவு திறக்கும். முதலில் பூனை கண்டபடி அலைமோதியது. தற்செயலாகக் கதவு திறந்தது. திரும்பத் திரும்பச் செய்தபோது, வெளியே வர எடுத்துக்கொண்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. இந்த ஆராய்ச்சியை அவர் 1898-ல் வெளியிட்டார். எந்தச் செயலுக்குப் பின் இன்பம் கிடைக்கிறதோ, அந்தச் செயல் பழக்கமாகிறது. இவ்வளவுதான் சூத்திரம்!

ஆனால், பரிசு உடனே கிடைக்க வேண்டும். ஓரிரு விநாடிக்குள் கொடுத்தால்தான் எதற்காக என்று பூனைக்குப் புரியும். அடுப்படிக்குப் போய் எடுத்து வருவதற்குள் அது மறந்துவிடும். அதனால் நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம் செய்து, உடனே தீனி கொடுத்துப் பழக்குங்கள். சில நாட்களில், அந்தச் சத்தம் கேட்டாலே 'நாம செஞ்சது சரி' என்று பூனைக்குத் தெரிந்துவிடும்.

எதைக் கொடுக்கலாம்?

லட்டு, பிஸ்கட் வேண்டாம். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது என்பது 2005-ல் மரபணு ஆராய்ச்சியில் தெளிவாகிவிட்டது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது; வயிற்றுப்போக்கு வரும். குழம்பில் கிடந்த மீனும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நமக்கு மருந்து. பூனைக்கோ ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் நஞ்சு. உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மீன் அல்லது கோழிக்கறி, பாதிப் பட்டாணி அளவு போதும். சைவ வீடுகளில், பூனைக்கென்று கடைகளில் விற்கும் உலர்தீனியைக் கொடுக்கலாம்.

முதல் பாடம்: கூடை

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கற்றுக்கொடுங்கள். கூடைக்குள் தானாகப் போகும் பூனையைத்தான் கீறல் படாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், வெறிநோய்த் தடுப்பூசி போட முடியும். முதல் ஊசி 3 மாத வயதில். அதன்பின் மருத்துவர் சொல்லும் தேதிகளில்.

1. மூடியுள்ள கூடையைத் திறந்தபடியே ஹாலில் வையுங்கள். உள்ளே பழைய துணி விரியுங்கள். பூனை மோந்து பார்த்தாலே 'டக்', தீனி.

2. பழகியதும் தீனியை வாசலில் வையுங்கள். தினமும் சற்று உள்ளே தள்ளிக்கொண்டு போங்கள். பிடித்துத் தள்ளாதீர்கள்.

3. தானாக உள்ளே போக ஆரம்பித்ததும், மூடியை ஒரு விநாடி மூடித் திறந்து தீனி கொடுங்கள். பிறகு 5 விநாடி, 1 நிமிடம் என்று கூட்டுங்கள்.

4. கடைசியாகக் கூடையைத் தூக்கி வீட்டுக்குள் நடங்கள். இறக்கியதும் தீனி.

சாப்பாட்டுக்கு முன், தினம் இரண்டு வேளை, 5 நிமிடம் போதும். பூனை பயந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அவசரம் வேண்டாம். பாட்டி தீனி கொடுக்க, தாத்தா விளக்குமாற்றால் விரட்ட என்றிருந்தால் எந்தப் பாடமும் ஏறாது. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

கீறிவிட்டால்...

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், இதற்குக் கைவைத்தியம் கிடையாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள். 'நம்ம வீட்டுப் பூனைதானே, பத்து நாள் பார்ப்போம்' என்று காத்திருக்காதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுப் பூனையைக் கவனியுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஊசி போட்டுத் தடுப்பது எளிது.

ஆகவே, விளக்குமாற்றை மூலையில் வைத்துவிட்டு, இன்று மாலையே கூடையை ஹாலுக்குக் கொண்டு வாருங்கள்.