கருமாற்றுக் கன்று தாயைப் போலக் கறக்குமா?

கேள்வி: ஒரே பசு, ஒரே காளையின் கருக்களை வாடகைத்தாய்ப் பசுக்களில் வைத்து மூன்று கிடேரிகள் கிடைத்தன. மூன்றும் ஒரே மாதிரி கறக்குமா?

பதில்: அடித்துச் சொல்ல முடியாது. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி மரபணு வந்தாலும், எந்தப் பாதி என்பது கன்றுக்குக் கன்று மாறும். பிறந்த அன்று மூன்றுக்கும் மதிப்பீடு ஒன்றே: பெற்றோர் இருவரின் மரபு மதிப்பின் சராசரி. யார் தேறுவார் என்று அறிய, முதல் ஈற்றின் பால் கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வால் முடியை வேரோடு பிடுங்கி மரபணுச் சிப்பில் சோதிக்கலாம். அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் இன மாடுகளுக்கு 2009 முதல் இந்தச் சிப் வழி மதிப்பீடு அதிகாரபூர்வமானது; நம் நாட்டு மாடுகளுக்கான ‘கௌ சிப்’ 2024-இல் வெளியானது.

வாடகைத்தாய் மரபணு எதுவும் தருவதில்லை. ஆனால் கன்றின் பிறப்பு எடையும், பால் குடித்து ஏறும் எடையும் அவளையும் பொறுத்தவை. அவளுடைய காது வில்லை எண், இனம், வயது மூன்றையும் பதிவேட்டில் எழுதாவிட்டால், அவள் பால் கொடுத்து வளர்த்த பெருமை கன்றின் மரபணுக் கணக்கில் ஏறிவிடும்.

கரு கொடுத்த பசுவின் கறவைக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். அதற்கு மட்டும் தனித் தீவனம் வைத்திருந்தால் அந்த லிட்டர்களில் ஒரு பங்கு தீவனத்தின் வேலை. அதே கொட்டகையில், அதே தீவனத்தில் மற்ற பசுக்கள் எவ்வளவு கறந்தன என்று கேட்டுவிட்டுக் கருவுக்கு விலை பேசுங்கள்.